வேறுபடுத்துக: பெருச்சாளி, மரக்காளான்

மாடம்பாக்கம்
16.12.2024

ஜெயகிருஷ்ணன் சாருக்கு,

போனில் கூப்பிட்டால் ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுபோகிறது. சிக்னல் சரியில்லை என்று பத்து நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னை பிளாக் செய்திருக்கிறீர்கள் என்று கம்ப்யூட்டர் மிஸ் சொல்லித்தான் தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இப்படி ஒரு மரியாதை.

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நோட்டீஸ் கொடுத்தார்கள். கோட் போட்டுக்கொண்டு உங்கள் படம், கீழே ‘நீட் விலங்கியல் நிபுணர்’. காட்டாங்குளத்தூர் விலாசமும் அதில் இருந்தது. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷம் ஒரே லேபில் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். தாவரவியல் எனக்கு, விலங்கியல் உங்களுக்கு. பிள்ளைகள் எழுதுவது ஒரே தாள். முதல் பாதியை நான் திருத்துவேன், இரண்டாம் பாதியை நீங்கள். அப்படிப்பட்டவர், நவம்பர் இருபதாம் தேதி பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரம் ஆயா அங்காளம்மாள் மேல் விழுந்த ஐந்தாம் நாள் ராஜினாமாக் கடிதத்தை ஆபீசில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எங்கள் எல்லாருக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கத்தான் நேரம் இருந்தது, உங்களுக்கு மட்டும் வேறு வேலை தேட நேரம் கிடைத்திருக்கிறது.

மரம் ஏன் விழுந்தது என்று உயிரியல் ஆசிரியர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள் என்றார் தாளாளர் சம்பந்தம். சேர்ந்து எழுத ஆள் இல்லை. நான் மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஸ்பெசிமன் அலமாரியின் சாவி உங்கள் பையிலேயே போய்விட்டது. பிப்ரவரியில் பிராக்டிகல். கூரியரில் அனுப்பினால் போதும், கடிதம் வேண்டாம்.

ரோஹிணி

*

காட்டாங்குளத்தூர்
23.12.2024

ரோஹிணி மிஸ் அவர்களுக்கு,

சாவி இத்துடன் இருக்கிறது. கடிதம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் அறிக்கையின் நகலை ஆபீஸ் கிளார்க் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ‘மரத்தடியில் பெருச்சாளி வளைகள் இருந்தன. அங்கே தொடர்ந்து உணவுக் கழிவு கொட்டப்பட்டதால் பெருச்சாளிகள் பெருகி, மண் தளர்ந்து, மரம் சாய்ந்தது.’ இவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். கழிவைக் கொட்டியது யார் என்று எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. சத்துணவு மிச்சத்தை வாளியில் எடுத்துப்போகும் ஆயா பள்ளிக்கூடத்தில் ஒருத்திதான். காலை இழந்தவளையே குற்றவாளி ஆக்கியிருக்கிறீர்கள். நிர்வாகம் அதைப் பிடித்துக்கொண்டு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

உங்கள் அறிக்கையில் காளான் என்ற சொல்லே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதம், மரத்தின் அடியில் முதல் தட்டு முளைத்தபோது என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டியவர் நீங்கள். மேலே வார்னிஷ் அடித்ததுபோல் பளபளப்பு, விளிம்பில் வெள்ளை. “கேனோடெர்மா சார், புத்தகப் படத்தைவிட அழகு” என்றீர்கள். மரத்துக்கு ஆபத்தில்லையா என்று கேட்டேன். “உள்ளே வேர் அழுக ஆரம்பிச்சாச்சு. ஆனா இன்னும் பத்து வருஷம் நிக்கும். ஆபீஸ்ல சொன்னா வெட்டிடுவாங்க, பிள்ளைங்களுக்கு இது மாதிரி கிடைக்காது” என்றீர்கள். தாவரவியல் உங்கள் பாடம், நம்பினேன்.

நம்முடைய விளையாட்டுக் கேள்வியும் அங்கேதான் பிறந்தது. ‘வேறுபடுத்துக: பெருச்சாளி, மரக்காளான்.’ எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத கேள்வி. வருஷாவருஷம் ஜூலையில் பிள்ளைகளை அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போய், ஒரு பக்கம் என் வளை, இன்னொரு பக்கம் உங்கள் காளான் என்று காட்டி, சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்தினோம்.

இப்போது அதில் ஒரு பாதியை மட்டும் அழித்துவிட்டு, மறு பாதியை ஓர் ஏழைப் பெண்ணின் தலையில் போட்டிருக்கிறீர்கள். உங்களை பிளாக் செய்ததற்கு இதுதான் காரணம்.

ஜெயகிருஷ்ணன்

*

மாடம்பாக்கம்
2.1.2025

சார்,

சாவி வந்தது. நன்றி. புத்தாண்டு வாழ்த்தும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லவில்லை என்று ஆகக்கூடாது.

காளானைப் பார்த்தேன், மறைத்தேன். ஒப்புக்கொள்கிறேன். தாளாளர் எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்தபோது கணக்குப் போட்டேன். ‘மூன்று வருஷமாகத் தெரியும்’ என்று எழுதினால் என் வேலை போகும், பென்ஷன் இல்லாத பள்ளிக்கூடம், அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் என்பது என் கணவர். ஒரு காலத்தில் ஜெயா, ஜெயா என்று உங்களைத் தேடிக்கொண்டிருந்த மனுஷன். பெருச்சாளி என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அங்காளம்மாள் பக்கம் அது போகும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வேறுபடுத்துக என்று நீங்களே ஆரம்பித்தீர்கள், நானும் எழுதுகிறேன். பெருச்சாளி ஒரே ஒரு வாசல் வைத்து வளை தோண்டாது. பின்னால் ஒரு திறப்பை மெல்லிய மண்ணால் மூடி வைத்திருக்கும், ஆபத்து வந்தால் அதை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவிடும். நீங்கள்தான் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினீர்கள். உங்கள் பின்வாசல் ஜி.எஸ்.டி. ரோடு வழியாக நேராகக் காட்டாங்குளத்தூரில் திறந்திருக்கிறது. காளானுக்கு அந்த வசதி இல்லை. தின்ற மரத்திலேயேதான் கிடக்க வேண்டும், விழுந்தால் கூடவே விழ வேண்டும்.

இன்னொன்று. காளான் தாவரமே இல்லை, உறவு பார்த்தால் உங்கள் விலங்குகளுக்குத்தான் பக்கம். பாடம் மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ரோஹிணி

*

காட்டாங்குளத்தூர்
14.1.2025, பொங்கல்

ரோஹிணி மிஸ்,

உங்கள் வீட்டுச் சாரின் உடல்நிலை எனக்குத் தெரியாது. வருந்துகிறேன். ஆனால் அதை அங்காளம்மாளுக்கு எதிரான சாட்சியாக வைக்காதீர்கள்.

நீங்கள் விட்ட வேறுபாட்டை நான் நிரப்புகிறேன். பெருச்சாளி எங்கே தோண்டினாலும் மண்ணை வெளியே தள்ளும். வாசலில் குவியல் கிடக்கும், எச்சம் கிடக்கும், நாறும். எவனும் பார்க்கலாம், திட்டலாம், கல்லெறியலாம். குறுக்கே பெரிய வேர் வந்தால் சுற்றிக்கொண்டு போகும். மரத்தைக் கொல்வது அதன் வேலை இல்லை. காளான் அப்படியா? வருஷக்கணக்காக உள்ளே தின்னும், வெளியே ஒரு தடயமும் இருக்காது. எல்லாம் முடிகிற சமயத்தில் அழகாக வெளியே வந்து உட்காரும், நாம் போட்டோ எடுப்போம். நீங்கள் எந்த ஜாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஓடிவந்தேன் என்கிறீர்கள். அந்த மரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே பாடம் நடத்த முடியாது. இதற்கு ஓட்டம் என்று பெயரானால் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாத முடிவுக்குள் நீங்கள் அறிக்கையைத் திருத்திக் கொடுக்காவிட்டால், காளானைப் பற்றி நானே தாளாளருக்கு எழுதுவேன். உங்களுக்கு வேலை போனால் போகட்டும். அவளுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

ஜெயகிருஷ்ணன்

*

மாடம்பாக்கம்
3.2.2025

ஜெயகிருஷ்ணன் சார்,

நேற்று ஞாயிற்றுக்கிழமை பம்மலுக்குப் போனேன். தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு சந்து, ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டேன். இதுவரை ஒரு தடவைகூட அவள் வீட்டுக்குப் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கும் வழி தெரியாது என்று நினைக்கிறேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள் சார். இல்லாத காலை ஊன்றப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டாள். மகள் சுபத்ரா ஓடிவந்து தாங்கினாள்.

அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். என் வார்த்தையை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

“மிஸ், நான் போட்ட சோத்தாலதான் மரம் வுழுந்துச்சுன்னு எய்திக் குட்த்துகிறாங்களாமே, நெஜமா மிஸ்? நீங்க பட்ச்சவங்க, சொல்லுங்க. எனக்கு இன்னா தெரியும்? அம்மாம் பெரிய மரத்த நான் சாச்சுட்டேனா?”

அவளே தொடர்ந்தாள்.

“சார்தான் தெனம் கொஞ்சம் அங்க போடுன்னு சொன்னாரு. கேமரா ஒண்ணு கட்டி வெச்சிருந்தாரே, பெருச்சாளி வர்றத படம் புடிக்க. போடலன்னா அது வேற எடத்துக்குப் பூடும்னாரு. நான் ஆராண்டயும் சொல்லல மிஸ். அவரு பாவம், புது வேலைல கீறாரு, பேஜாராய்டும். நீங்களும் சொல்லாதீங்க.”

இதைக் கேட்டு எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வந்தது சார், மாட்டினார் மனுஷன் என்று. அதற்குள் அவள் இதையும் சொல்லிவிட்டாள்.

“ஒங்க காளானயும் வாரத்துக்கு ஒருக்கா துணி வெச்சித் தொட்ச்சி வுட்டுனு இருந்தேன் மிஸ். பசங்க ஒடைக்க வருவானுங்க, தொரத்தி வுடுவேன். அது பூட்ச்சேன்னு ஒங்களுக்கு வர்த்தமா இருக்கும்.”

தாளாளருக்குக் காளானைப் பற்றி எழுதுங்கள். தாராளமாக எழுதுங்கள். எழுதும்போது சோற்றைப் பற்றியும் நாலு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். குவியலை வாசலிலேயே தள்ளிவிட்டு நிற்கும் பிராணி அல்லவா நீங்கள்?

ரோஹிணி

*

காட்டாங்குளத்தூர்
20.2.2025

ரோஹிணி மிஸ்,

அப்படி நான் சொன்னதாக எனக்குத் திட்டவட்டமான நினைவு இல்லை. எப்போதாவது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம். அந்தம்மாள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கவும் கூடும்.

இங்கே ரிவிஷன் டெஸ்ட் நடக்கிறது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

ஜெயகிருஷ்ணன்

*

மாடம்பாக்கம்
10.3.2025

சார்,

உங்கள் பழைய லேப் நோட்டு அலமாரியில் இருந்தது. நீங்கள்தானே சாவி அனுப்பினீர்கள். 2023 ஜூலை ஐந்தாம் தேதிப் பக்கத்தில், உங்கள் கையெழுத்தில்: ‘இன்று முதல் ஆயா மூலம் தினமும் இரை.’ அதற்குக் கீழே தேதிவாரியாக வந்த பெருச்சாளிகளின் எண்ணிக்கை. விபத்துக்கு முதல் நாள் வரைக்கும் இருக்கிறது. கடைசி நாளில் பதினொன்று.

நினைவில்லை என்றீர்கள். நினைவுபடுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். மிரட்டவில்லை. மிரட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பரீட்சைத் தாளைப் போலவே இரண்டு பகுதி. பகுதி ஒன்றை நான் எழுதிவிட்டேன்: காளானை எப்போது பார்த்தேன், ஏன் சொல்லவில்லை, என் முதல் அறிக்கை பொய், கையெழுத்து. மரம் விழுந்த பிறகு குழியில் இறங்கி நானே பார்த்தேன். வேர் வெளுத்துப் பஞ்சாகக் கிடந்தது, அதற்கு அடியில் மண்ணும் இல்லை. எது முதலில் கைவிட்டது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. அதையும் எழுதியிருக்கிறேன். பகுதி இரண்டு உங்களுடையது.

என் பாதியை மட்டும் கொடுத்தால் போதாது. சோறு அங்கே போனது யார் சொல்லி என்று தெரியாதவரைக்கும் பழி அவள் பேரில்தான் நிற்கும். அவள் உங்களைச் சொல்லமாட்டாள். நான் சொன்னால் சண்டையில் சொல்கிறேன் என்பார்கள். நீங்களே எழுதினால்தான் அவள் பேர் சுத்தமாகும். அப்போது அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லி நாம் கேட்கலாம். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றாவது, ஆபீசிலோ லேபிலோ.

வேலை போனால் டியூஷன் எடுத்துக்கொள்வேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். “ஜெயா எழுதுவான், அனுப்பு” என்றார்.

ரோஹிணி

*

காட்டாங்குளத்தூர்
11.4.2025

மிஸ்,

தாள் கிடைத்தது. மே நான்காம் தேதி நீட். அதுவரை என் பெயர் வெளியே அடிபடக்கூடாது, இங்கே நூற்று இருபது பிள்ளைகள் என்னை நம்பிப் பணம் கட்டியிருக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் எழுதி அனுப்புகிறேன். இது சத்தியம்.

நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஜெயகிருஷ்ணன்

*

காட்டாங்குளத்தூர்
6.6.2025

ரோஹிணி மிஸ்,

மே போய் ஜூனும் வந்துவிட்டது. நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. எட்டுத் தடவை எழுதி எட்டுத் தடவையும் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வரியில் தப்பித்துக்கொள்ளப் பார்த்திருந்தேன். ‘கல்வி நோக்கத்துக்காக’ என்று ஒரு தடவை. ‘குறைந்த அளவில்’ என்று இன்னொரு தடவை.

இப்போது அனுப்புவதில் அது எதுவும் இல்லை. நான் சொல்லித்தான் அங்காளம்மாள் சோறு போட்டாள். பெருச்சாளி பெருகுவது தெரியும், பெருக வேண்டும் என்றுதான் போடச் சொன்னேன். காளானைப் பற்றியும் எனக்குத் தெரியும், நானும் வாயைத் திறக்கவில்லை. மரம் விழுந்த அன்றைக்கு மத்தியானம் அவள் வாளியோடு அந்த மரத்தடிக்குப் போனது என் வேலைக்காக. மழை தூறுகிறதே, இன்றைக்கு வேண்டாமா சார் என்று கேட்டாள். “சும்மா போட்டுட்டு வா, ரெண்டு நிமிஷம்தானே” என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் ஓடியதற்குக் காரணம் இதுதான், உங்கள் அறிக்கை இல்லை. அது எனக்குக் கிடைத்த நல்ல சாக்கு.

தாளாளரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜெயகிருஷ்ணன்

*

மாடம்பாக்கம்
19.6.2025

ஜெயகிருஷ்ணன் சார்,

போன் செய்யலாம்தான். இதை வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

உங்கள் தாளோடு பன்னிரண்டாம் தேதி தாளாளர் அறைக்குப் போனேன். உறையைப் பிரிக்கவே இல்லை அவர். ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அங்காளம்மாள் கையெழுத்துப் போட்ட கடிதம், தேதி மே இருபத்தேழு. ‘என் கவனக்குறைவால் மரத்தடியில் கழிவைக் கொட்டியதே விபத்துக்குக் காரணம். நிர்வாகத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.’ அதற்கு அடுத்த தாள் சுபத்ராவின் வேலை உத்தரவு. அம்மா இடத்தில் ஆயா வேலை, ஜூன் இரண்டிலிருந்து. “சுமுகமா முடிஞ்சிருக்கு மிஸ். யாராவது கிளறினா அந்தப் பொண்ணோட வேலையைப் பத்தி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றைக்கே பம்மலுக்குப் போய் உங்கள் பகுதியை அங்காளம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். ‘ரெண்டு நிமிஷம்தானே’ என்ற இடத்தில் தலையை ஆட்டினாள். “ஆமாம், சொன்னாரு” என்றாள், அவ்வளவுதான். கோபமாவது வரும் என்று காத்திருந்தேன். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போன மாசமே குட்த்திருந்தீங்கன்னா சரி மிஸ். இப்ப குட்த்தா எம் பொண்ணு வேல பூடும். இத யாருக்கும் காட்டாதீங்க. ரெண்டு பேரும் எனுக்கு இந்த ஒத்தாசை பண்ணுங்க.”

போன மாசமே. மே நாலுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் இருபத்து மூன்று நாள் இருந்தது சார். எட்டுத் தடவை கிழித்தீர்களே, அதில் தப்பித்துக்கொள்ளும் வரி இருந்த ஏதாவது ஒன்றை அனுப்பியிருந்தால்கூடப் போதுமாயிருந்தது. உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. டிசம்பரிலேயே நான் ஒழுங்காக எழுதியிருந்தால் உங்கள் பாதிக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

தாள் என்னிடம் இருக்கிறது, கிழிக்கவும் மனசில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய சத்தியமான ஒரே தாள் அதுதான், அதைத் திருத்த ஆள் இல்லை.

நேற்று மத்தியானம் லேபில் தனியாக இருந்தேன். சுபத்ரா வாசலில் வந்து நின்றாள், அம்மாவின் பழைய நீல யூனிஃபார்ம், இடுப்பில் ஊக்குப் போட்டுக் குறுக்கியிருந்தாள். கையில் சத்துணவு மிச்சம் இருந்த வாளி. “இத எங்க மிஸ் கொட்டணும்? உங்களக் கேட்டுட்டுக் கொட்டச் சொன்னாங்க அம்மா” என்றாள்.

எழுந்துபோய் வாளியை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, நானே கேட்டுக்கு வெளியே குப்பைத் தொட்டிக்கு நடந்தேன். அந்தப் பெண் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிவந்தாள்.

“குடுத்துடுங்க மிஸ், யாராவது பாத்தா என்னத்தான் திட்டுவாங்க.”

திரும்பக் கொடுத்துவிட்டேன்.

ரோஹிணி